அனா மாஃபீ மாலூம்!

வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டபோதே, 'வீட்டில் இல்லை' என்று சொல்லச் சொல்லியிருக்கலாம். விதி யாரை விட்டது? வந்தவர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் அரபி வாத்தியார். ஊரில் எல்லோருக்கும் அவர் 'ஹஜ்ரத்'. எனக்கும்.

"தம்பி, நீங்க ஷார்ஜாவுல நாலு வருஷம் இருந்தீங்கள்ல?"

"ஆமா ஹஜ்ரத். 2013-லேருந்து 2017 வரைக்கும்."

"அரபி பேசுவீங்கதானே?"

இந்த இடத்தில் நல்ல புத்தியுள்ளவன் என்ன சொல்ல வேண்டும்? 'ஏதோ கொஞ்சம்' என்று சொல்லி நழுவ வேண்டும். நான், "அதெல்லாம் தண்ணி பட்ட பாடு!" என்றேன். சமையலறையில் என் மனைவி இருமினாள். அது சளி இருமல் இல்லை.

ஹஜ்ரத் விஷயத்துக்கு வந்தார். ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் 22 பேர். சின்ன வயசிலேயே மதரஸாவில் உட்கார்ந்து ஓதப் பழகினவர்கள். அரபி எழுத்தைக் கண்டால் தங்குதடையில்லாமல், நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, கேட்கிறவன் மயங்குகிற மாதிரி படிப்பார்கள். ஆனால் அரபியில் 'ஒரு டம்ளர் தண்ணி குடுங்க' என்று கேட்கச் சொன்னால் முழிக்கிறார்கள். இவர்களில் பாதிப் பேராவது நாளைக்கு வளைகுடாவுக்குத்தான் பிளேன் ஏறப் போகிறார்கள்.

"சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம். ஆறே வாரம். பேச்சு அரபி சொல்லிக் குடுங்க தம்பி."

ஒப்புக்கொண்டேன். அவர் போனதும்தான் வயிற்றைக் கலக்கியது. என் நிலைமை பையன்களுக்கு நேர் தலைகீழ். எனக்குப் பேசத் தெரியும். ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. அவர்களையும் என்னையும் சேர்த்து அரைத்தால்தான் அரபி தெரிந்த ஒரு முழு மனிதன் கிடைப்பான்!

பி.காம். படித்த தோஷம், ராத்திரி உட்கார்ந்து ஸ்டாக் எடுத்தேன். கையிருப்பு: மொத்தம் 60 வார்த்தை. சரி, நம் ஊரில் அறுபது வார்த்தையை வைத்துக்கொண்டு எம்.எல்.ஏ. ஆனவர்கள் எல்லாம் இருக்கிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு தூங்கிப்போனேன்.

* * *

முதல் சனிக்கிழமை. ஹஜ்ரத் கடைசி பெஞ்சில் பையன்களோடு பையனாக உட்கார்ந்துவிட்டார். நான் பெயர் வாசிக்க, ஒவ்வொருவனும் எழுந்து 'ஹாளிர்' என்றான். 'உள்ளேன் ஐயா'வுக்கு அரபி.

"என்னப்பா, கோர்ட்டில் டவாலி கூப்பிட்டு ஆஜரான மாதிரி இருக்கே!" என்று ஜோக் அடித்தேன்.

"ஜோக் இல்ல தம்பி, ரெண்டும் ஒரே வார்த்தைதான்" என்றார் ஹஜ்ரத்.

அப்புறம் அவர் சொன்னதைக் கேட்டு அசந்துபோனேன். அரபியில் ஓர் எழுத்து உண்டு. நம் பக்கத்தில் அதை 'ளாத்' என்பார்கள். அரபியர்களுக்கு அந்த எழுத்தில் அப்படியொரு பெருமை, தங்கள் பாஷையையே 'ளாத்தின் மொழி' என்று சொல்லிக்கொள்வார்கள். அது பாரசீகம், உருது வழியாகப் பயணம் செய்து நம் ஊருக்கு வந்தபோது 'ஜ' ஆகிவிட்டது. ஹாளிர், ஆஜர் ஆயிற்று. அதே எழுத்துதான் ஜாமீனிலும் ஜப்தியிலும் ஜில்லாவிலும் மாஜி மந்திரியிலும் ஒளிந்திருக்கிறது. ஒரே மாதத்தைச் சிலர் ரம்ஜான் என்பதும் சிலர் ரமளான் என்பதும் இந்த எழுத்து செய்கிற வேலைதான்.

அதோடு விட்டாரா? வக்கீல், முன்சீப், அசல், நகல், வசூல், பாக்கி, ரத்து, நபர்... எல்லாம் அரபியில் வேர் உள்ள வார்த்தைகளாம். காமர்ஸ் படித்த மூன்று வருஷமும் நான் அரபிதான் படித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது! தாலுகா ஆபீசுக்கு நாலு தடவை அலைந்தவனுக்கு அரபியில் பாதி பாஸ் என்று பையன்களிடம் சொன்னேன். நம்பிக்கை வந்த மாதிரி சிரித்தார்கள்.

அந்தச் சூட்டோடு என் சரக்கைக் கரும்பலகையில் இறக்கினேன், தமிழ் எழுத்தில்.

அனா மாஃபீ மாலூம் – எனக்குத் தெரியாது.

அனா ஃபீ ரூஹ் – நான் போகிறேன்.

தலாத்தா நஃபர் ஃபீ – மூன்று பேர் இருக்கிறார்கள்.

மாஃபீ முஷ்கில் – பரவாயில்லை.

சேம் சேம் – அதே மாதிரிதான்.

கடைசி பெஞ்சில் ஹஜ்ரத்தின் முகம், விளக்கெண்ணெய் குடித்தவர் மாதிரி மாறிக்கொண்டே வந்தது. மெதுவாகக் கை தூக்கினார்.

"தம்பி, இந்த 'சேம் சேம்' எந்த வினைச்சொல்லோட திரிபு?"

"அது... இங்கிலீஷ் ஹஜ்ரத்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

விஷயம் இதுதான். அரபியில் ஒரு வினைச்சொல் ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு ஒரு மாதிரி மாறும். ஒருவருக்கு ஒன்று, பலருக்கு ஒன்று. புத்தக அரபியில் இரண்டு பேருக்கென்று தனியாக வேறு ஒன்று. எங்கள் கட்டட சைட் அரபியில் இந்த வம்பே கிடையாது. நான் போனாலும் அவள் போனாலும் ஊரே திரண்டு போனாலும் 'ரூஹ்'தான். 'நீ' என்பதற்கு ஆணிடம் ஒன்று, பெண்ணிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றுகூடத் தெரியாமல், எங்கள் ஆபீசுக்கு வந்துபோன ஓர் அரபி அம்மாளை நாலு வருஷமும் ஆம்பளையாகவே பாவித்துப் பேசியிருக்கிறேன். பாவம், ஒரு தடவையும் கோபித்துக்கொண்டதில்லை.

இது என் கைச்சரக்கு இல்லை. பல பாஷைக்காரர்கள் பிழைப்புக்காக ஓர் இடத்தில் சேரும்போது அவசரத்தில் பிறக்கிற கலவை பாஷையை மொழி ஆராய்ச்சிக்காரர்கள் 'பிட்ஜின்' என்கிறார்கள். வளைகுடாவில் அப்படி ஓர் அரபி இருப்பதை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். நம்மவர்கள், பாகிஸ்தானியர், வங்காளிகள், பிலிப்பைன்ஸ்காரர்கள் எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்கள். அரபியர்களும் நம்மிடம் பேசும்போது அதற்கு இறங்கி வருகிறார்கள்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான். ஒல்லி. கொஞ்சம் கூச்சம்.

"சார், எங்க வாப்பா தம்மாம்ல இருக்காங்க. போன் பேசிக்கிட்டு இருக்கும்போது பின்னாடி யாராச்சும் கூப்பிட்டா, இப்படித்தான் சார் பதில் சொல்லுவாங்க."

மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. உட்கார்ந்துவிட்டான்.

* * *

இரண்டாவது வாரம் ஹஜ்ரத்தின் அரபியை நான் கவனித்தேன். 'ஆஸ்பத்திரி எங்கே?' என்பதற்கு அவர் சொல்லிக் கொடுத்தது, 'அய்ன அல்-முஸ்தஷ்ஃபா?'

"ஹஜ்ரத், 'எங்கே'க்கு ஷார்ஜாவுல ஒருத்தரும் 'அய்ன'ன்னு சொல்லிக் கேட்டதில்லை. 'வேன்'னுதான் சொல்லுவாங்க. எகிப்துக்காரர் 'ஃபேன்'னு சொல்லுவாரு."

"இலக்கணப்படி 'அய்ன'தான் தம்பி."

நம் ஊரில் ஒருவர் டீக்கடையில் நுழைந்து, 'ஐயா, மருத்துவமனை எவ்விடத்தில் அமைந்துள்ளது?' என்று கேட்டால் எப்படி இருக்கும்? தமிழ்தான். தப்பே இல்லை. ஆனால் டீ ஆற்றுகிறவர் ஒரு நிமிஷம் ஆற்றுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். அரபியிலும் அதே கதை. எழுத, செய்தி வாசிக்க, மேடையில் பேச ஓர் அரபி. வீட்டில் பேச, கடையில் பேரம் பேச வேறு அரபி. கார்ட்டூன் படங்களுக்குப் பெரும்பாலும் புத்தக அரபியில்தான் டப்பிங் கொடுக்கிறார்கள். அதனால் தெருவில் சுத்த இலக்கண அரபி பேசினால் கார்ட்டூன் கதாநாயகன் இறங்கி வந்த மாதிரி அங்குள்ளவர்கள் புன்னகைப்பார்கள்.

ஒரே சமுதாயத்தில் ஒரே பாஷை இப்படி இரட்டை வேஷம் போடுவதைப் பற்றி சார்லஸ் ஃபெர்குசன் என்கிற அமெரிக்கர் 1959-ல் ஒரு பிரபலமான கட்டுரை எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட நாலு உதாரணங்களில் அரபியும் ஒன்று. தமிழனுக்கு அதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை. 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதிவிட்டு 'வந்துக்கிட்டிருக்கேன்' என்று பேசுகிற ஜாதி நாம்.

பேச்சு அரபியிலும் ஒன்றா இரண்டா? 'எனக்கு வேணும்' என்பதற்குப் புத்தகத்தில் 'உரீது'. வளைகுடாவில் 'அபீ' அல்லது 'அப்கா'. லெபனான், சிரியா பக்கம் 'பித்தீ'. எகிப்தில் 'ஆயிஸ்'. எந்தப் பையன் எந்த ஊர் ஏர்போர்ட்டில் இறங்குவான் என்று யார் கண்டது? எதைச் சொல்லிக் கொடுப்பது?

ஹஜ்ரத் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். பிறகு சொன்னார்: "கேக்குறதைப் புத்தக அரபியிலேயே கேக்கட்டும் தம்பி. மொராக்கோலேருந்து ஓமான் வரைக்கும் படிச்சவனுக்குப் புரியும். சிரிச்சாலும் பரவாயில்லை. ஆனா பதில் தெரு பாஷையிலதான் வரும். அதுக்குக் காதைத் தயார் பண்ணணும். நாக்குக்கு நான், காதுக்கு நீங்க."

இதைவிட நியாயமான பாகப்பிரிவினையை நான் எந்த முன்சீப் கோர்ட்டிலும் பார்த்ததில்லை.

உச்சரிப்பும் அவர் வசமே போயிற்று. காரணம், நான் பலகையில் 'கல்ப்' என்று எழுதி 'இதயம்' என்று அர்த்தம் சொன்னதுதான். தொண்டையின் அடியிலிருந்து வந்தால் அது இதயம். சாதாரண 'க' போட்டால் நாய்! தமிழில் இரண்டுக்கும் ஒரே 'க'. காதலியிடம் 'என் இதயமே' என்று உருகப்போய் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தமிழ் எழுத்தை வைத்து அரபி பேசுவது எவ்வளவு ஆபத்து என்பது பையன்களுக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. பழிக்குப் பழியாக, அரபியில் 'ப' ஒலி இல்லை, பெப்ஸியைக்கூட 'பெங்களூரு' என்கிறபோது வருகிற 'ப' போட்டுத்தான் சொல்வார்கள் என்று சொல்லி வைத்தேன்.

* * *

மூன்றாவது வாரம்தான் மாட்டிக்கொண்டேன்.

என் 60 வார்த்தைகளையும் பையன்கள் நோட்டில் எழுதியிருந்தார்கள். அவற்றை வகை பிரிக்கச் சொன்னார் ஹஜ்ரத். ரூஹ் – போ. தஆல் – வா. ஜிப் – கொண்டு வா. ஷீல் – தூக்கு. ஷுஃப் – பார். யல்லா – சீக்கிரம் ஆகட்டும். இதெல்லாம் கட்டளை. நான் சொன்ன கட்டளை இல்லை, என்னிடம் சொல்லப்பட்டவை. அடுத்த பத்தியில் பதில்கள்: ஆமாம், இல்லை, தெரியாது, முடிஞ்சுது, நாளைக்கு, பரவாயில்லை.

தம்மாம் பையன் நோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"சார், இதுல கேள்வியே இல்லையே?"

"ஏன் இல்லாம? 'கம்' இருக்கே. 'எவ்வளவு?'"

"அது கடையில கேக்குறது சார்."

எனக்குப் பதில் வரவில்லை. நாலு வருஷம் ஒரு நாட்டில் வாழ்ந்திருக்கிறேன். விலையைத் தவிர வேறு எதையும் யாரிடமும் அந்த பாஷையில் கேட்கத் தெரியாமல் வாழ்ந்திருக்கிறேன். என் அரபி முழுக்க முழுக்கக் கை கட்டி நிற்கிறவனின் அரபி.

வீட்டில்கூட முழுசாகச் சொல்லாத ஒன்றை அன்றைக்குப் பையன்களிடம் சொன்னேன்.

2017-ல் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குக் கிளம்புகிற நாள். நான் கணக்கு எழுதிய கம்பெனியில் (பெயர் வேண்டாம்) முதீர், அதாவது மேனேஜர், ஒரு காகிதத்தை நீட்டினார். முழுக்க அரபி. 'வக்கிஃ ஹினா' என்றார். 'இங்கே கையெழுத்துப் போடு.' மறுபடியும் ஒரு கட்டளை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'ஹாளிர்.' அங்கே அந்த வார்த்தைக்கு 'அப்படியே ஆகட்டும் எஜமான்' என்றும் ஓர் அர்த்தம் உண்டு. ஆஜராகிக் கையெழுத்தும் போட்டேன்.

ஒப்பந்தம் முடிந்து கிளம்புகிறவருக்கு, முதல் 5 வருஷக் கணக்கில், வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளத்தைப் பணிக்கொடையாகத் தரவேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். நாலு வருஷத்துக்கு 84 நாள். எனக்கு டிக்கெட்டும் கடைசி மாதச் சம்பளமும்தான் வந்தன. 'என் பாக்கி எல்லாம் வந்து சேர்ந்தது' என்று நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்பது, ஊருக்கு வந்து நகலை இன்னொருவரிடம் படிக்கக் கொடுத்தபோதுதான் தெரிந்தது. கம்பெனியின் கணக்கையெல்லாம் பைசா சுத்தமாக எழுதினவன், என் கணக்கில் கோட்டை விட்டேன்.

வகுப்பில் சத்தமே இல்லை. ஹஜ்ரத் எழுந்து வந்து சாக்பீஸை எடுத்து, பலகையில் இரண்டே வார்த்தை எழுதினார். பையன்கள் கோரஸாகப் படித்தார்கள்.

"மா ஹாதா?"

'இது என்ன?'

"இது இவங்களுக்கு முதல் பாடம் தம்பி" என்றார்.

உலகம் முழுக்க அரபி கற்கிறவர்கள் புரட்டுகிற 'மதீனா புத்தகங்கள்' என்று ஒரு பாட வரிசை உண்டு. எழுதியவர் நம் வாணியம்பாடியில் பிறந்த டாக்டர் வி. அப்துர் ரஹீம். மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் அரபி சொல்லிக் கொடுத்தவர், 2023-ல் காலமானார். அந்த வரிசையின் முதல் பாடத்திலேயே 'இது என்ன?' என்கிற கேள்வி வந்துவிடுகிறது. வீடு, பள்ளிவாசல் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டுக்கொண்டே போவது. நான் பிளேன் ஏறுவதற்கு முன் அந்த ஒரு பக்கத்தைப் படித்திருந்தால், 84 நாள் சம்பளத்தைப் பற்றிப் பேச்சாவது எடுத்திருப்பேன்.

2016 ஜனவரியிலிருந்து அந்த நாட்டில் வேலை ஒப்பந்தத்தைத் தொழிலாளியின் பாஷையிலும் தர ஏற்பாடு வந்தது. அந்தப் பாஷைகளில் தமிழும் ஒன்று. நல்ல விஷயம்தான். ஆனால் வேலையில் சேர்ந்த பிறகு நடுவழியில் நீட்டப்படுகிற காகிதத்துக்கு யார் தமிழ் போடுவார்கள்? அங்கே கேள்விதான் துணை.

இதைப் படிக்கிற ஆபீஸ் நண்பர்களே, 'அரபி தெரியாதவன் ஏமாந்தான்' என்று சிரிக்காதீர்கள். ஹெச்.ஆர். நீட்டுகிற நாலு பக்க இங்கிலீஷ் காகிதத்தில், கடைசிப் பக்கத்தைத் தவிர நீங்கள் எதைப் படித்தீர்கள்?

* * *

அடுத்த மூன்று வாரமும் கேள்விகள் மட்டும்தான். மன் – யார்? மதா – எப்போது? லிமாதா – ஏன்? (தெருவில் 'லேஷ்'.) கம் – எவ்வளவு? அய்ன – எங்கே? நான் முதீர் வேஷம் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து காகிதத்தை நீட்டுவேன். பையன் உடனே கையெழுத்துப் போட்டால் அவுட். 'மா ஹாதா?' என்று கேட்டால் பாஸ். நான் வேகமாகத் தெரு அரபியில் கத்துவேன். அவன், 'மெதுவா, இன்னொரு தடவை சொல்லுங்க' என்று புத்தக அரபியில் கேட்க வேண்டும். ஆரம்பத்தில் 'ஹாளிர்' என்று பழக்கதோஷத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்தான் அதிகம். கேள்வி கேட்பதற்குப் பாஷை மட்டும் போதாது, முதுகெலும்பையும் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு ஒன்பதாம் வகுப்புதான் சரியான வயசு. முப்பதில் நிமிர்த்தினால் சுளுக்கிக்கொள்கிறது.

எண்களில் சண்டையே நடந்தது. அரபியில் 65-ஐ 'ஐந்தும் அறுபதும்' என்றுதான் சொல்வார்கள். நான் ஷார்ஜாவில் சேர்ந்த புதிதில் போனில் கேட்டு 56 என்று எழுதி, 9 மூட்டை சிமென்டுக்காகக் குடோனைத் தலைகீழாகப் புரட்டின கதையைச் சொன்னேன். இன்னொரு கூத்து, அங்கே சைபருக்கு வெறும் புள்ளிதான். நம் சைபர் மாதிரி வட்டமாக இருப்பது ஐந்து. கவனிக்காவிட்டால் ஐந்நூறும் சைபராகிவிடும். இதைப் பையன்கள்தான் எனக்குச் சரியாக எழுதிக் காட்டினார்கள். 28 எழுத்தில் 11 எழுத்து இப்போது எனக்கு வரும்.

கடைசி வாரத்துக்கு முந்தின வாரம், தம்மாம் பையன் வகுப்பு முடிந்தும் நின்றான்.

"சார், வாப்பாகிட்ட போன்ல அரபியில கேட்டேன். 'அய்ன ஜவாஸுக்க?'ன்னு."

உங்க பாஸ்போர்ட் எங்கே?

"என்னப்பா சொன்னார்?"

"கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல சார். அப்புறம் சிரிச்சாங்க. முதீர்ட்ட இருக்குன்னாங்க. 18 வருஷமா அவர்ட்டதான் இருக்காம். லிமாதான்னு கேட்டேன். தெரியாதுன்னாங்க."

அனா மாஃபீ மாலூம்.

"அப்புறம், 'நீ கேட்டதை மெதுவா இன்னொரு தடவை சொல்லு, எழுதிக்கிறேன்'னாங்க சார். முதீர்ட்ட கேக்கலாமா சார்?"

பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்துக்கொள்வது அந்த நாட்டுச் சட்டப்படியும் தப்புதான். ஆனால் இருபத்தோராம் நூற்றாண்டின் அத்தனை சட்டங்களும் சேர்ந்து வந்தாலும், முதீர் அறையில் தனியாக நிற்கப் போவது அவன் வாப்பாதானே? "கேக்கலாம். கேட்ட உடனே கிடைச்சிடும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான்.

கடைசி சனிக்கிழமை ஓடி வந்தான்.

"சார்! வாப்பா கேட்டுட்டாங்க! பாஸ்போர்ட்டைப் பத்திக் கேக்கலையாம். பயமா இருந்துச்சாம். அதனால, 'மதா இஜாஸதீ?'ன்னு கேட்டாங்களாம்."

என் லீவு எப்போது?

"முதீர் அசந்துட்டாராம் சார். 'யார் சொல்லிக் குடுத்தது?'ன்னு கேட்டாராம். 'என் மகன்'ன்னாங்களாம்!"

"பதில் என்னப்பா?"

"புக்ரா."

நானும் ஹஜ்ரத்தும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். 'புக்ரா'வுக்கு அகராதியில் 'நாளை' என்று அர்த்தம். முதீர்களின் வாயில் அதற்கு அர்த்தம் என்ன என்பது, லீவு லெட்டர் கொடுத்துப் பார்த்த எல்லோருக்கும் எல்லா நாட்டிலும் தெரியும். பையனின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஹஜ்ரத் எழுந்தார். பலகையைச் சுத்தமாகத் துடைத்தார்.

"உக்காருங்கப்பா. இன்னிக்கு ஒரு புதுக் கேள்வி. வாப்பாவுக்கு இதையும் அனுப்பி வை."

எழுதினார். பையன்கள் 22 பேரும், அவர்களோடு சேர்ந்து தட்டுத்தடுமாறி எழுத்துக்கூட்டி நானும், உரக்கப் படித்தோம்.

"அய்யு யவ்ம்?"

எந்தத் தேதி?